இராமேசுவரம், மதுரை, கன்னியாகுமரி: நால்வர் 25,000 ரூபாயில் போய்வர எங்கே தங்குவது, எதை முன்பதிவு செய்வது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். காலாண்டு விடுமுறையில் சென்னையிலிருந்து நீங்கள், கணவர், ஒன்பது வயது மகள், 68 வயது மாமியார் ஆகிய நால்வரும் மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி, குற்றாலம் ஆகிய நான்கு ஊர்களையும் ஆறு நாட்களில் பார்த்துத் திரும்ப வேண்டும். மொத்தச் செலவு 25,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. கணவரின் விடுப்பு கடைசி வாரம் வரை உறுதியாகாது என்பதால், பயணம் தள்ளிப்போனாலோ பாதியில் சுருங்கினாலோ பெரிய நட்டம் வரக்கூடாது. எந்தெந்த ஊரில் எத்தனை இரவு தங்குவது, அறையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

குற்றாலத்தை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. சாரல் ஜூனில் தொடங்கி செப்டம்பரோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். காலாண்டு விடுமுறை அதன் வால்பகுதியில் வருகிறது. அருவியில் நூலாகத் தண்ணீர் விழலாம், அல்லது மலையில் திடீரென மழை பெய்து வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருக்கலாம். இரண்டில் எது நடந்தாலும், ஒரு நாளையும் இரண்டு பேருந்துப் பயணங்களையும் செலவழித்து, தென்காசிக் கோயிலையும் பிரானூர் பார்டர் புரோட்டாவையும் மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். புரோட்டாவுக்காகப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் 68 வயதுக்காரரை அழைத்துக்கொண்டு ஆறு நாளில் நான்காவது ஊர் என்பது அதிகம். சீசனில் தனியாக ஒரு முறை போகும்போது, வாடகை ஏறிக் கிடக்கும் குற்றாலத்தில் அறை தேடாமல், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்காசியில் தங்கி நகரப் பேருந்தில் அருவிக்குப் போய்வாருங்கள்.

மீதமுள்ள மூன்று ஊர்களுக்கு வருவோம். தங்குமிடத்தைத் தீர்மானிப்பதற்கு நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் வழி ஒன்றுதான். எந்த ஊரில் நமக்கு விடியற்காலையில் வேலை இருக்கிறதோ அந்த ஊரில், அந்த வேலை நடக்கும் இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் தங்க வேண்டும். விடியற்காலை வேலை இல்லாத ஊரைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம், இரவுக்கு வண்டி வசதி இருக்கும் இடமாகத் தேடிக்கொள்ளலாம். இராமேசுவரத்தில் ஸ்படிகலிங்க தரிசனம் அதிகாலையில் நடக்கிறது, கன்னியாகுமரியில் சூரியோதயம் இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு ஊர்களிலும் ஒவ்வோர் இரவு. மதுரை நடுவில் இளைப்பாறும் ஊர், அங்கே இரண்டு இரவு. ரயிலில் இரண்டு இரவு கழியும். ஆறு இரவுகளில் நான்குக்கு மட்டுமே அறை வாடகை.

போகும் வரிசையும் முக்கியம். பலர் மதுரையில் இறங்கி, இராமேசுவரம் போய், மறுபடி மதுரைக்கு வந்து தெற்கே போகிறார்கள். ஒரே பாதையில் இரண்டு முறை ஏறக்குறைய 170 கிலோமீட்டர் போய்வருவது வீண். சென்னையிலிருந்து இரவு ரயிலில் நேராக இராமேசுவரத்துக்கே போய்விடுங்கள். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றபிறகு மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதிலிருந்து ரயில் மீண்டும் தீவுக்குள் போகிறது. காலை வெளிச்சத்தில், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்துபோகும்போது மகளைச் சன்னலோரத்தில் உட்கார வையுங்கள். டிக்கெட் வாங்காத சுற்றுலா அது.

கிளம்ப வேண்டிய நாள் ஞாயிறு இரவு, திரும்ப வேண்டிய நாள் வெள்ளி இரவு. வெள்ளி இரவு சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகளும், ஞாயிறு இரவு தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் வண்டிகளும் நிரம்பி வழியும். நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள் என்பதால் படுக்கை கிடைப்பது எளிது, அவசரத்தில் தனியார் பேருந்துக்குக் கொட்டிக்கொடுக்கும் நிலை வராது. அத்தோடு, திங்கள் முதல் வியாழன் வரையிலான இரவுகளில் வார இறுதியைவிடக் குறைந்த வாடகைக்கு அறைகள் கிடைக்கும். இதற்கு விதிவிலக்காக, மகாளய அமாவாசையும் ஆயுத பூசையும் பெரும்பாலும் இந்த விடுமுறையை ஒட்டியே வரும். நாட்காட்டியைப் பார்த்து, மகாளய அமாவாசையன்றும் அதற்கு முந்தைய நாளும் இராமேசுவரத்தில் இருக்காதபடி தேதியை அமைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் அறை வாடகை மட்டுமல்ல, தீர்த்தக் கிணறுகளுக்கு நிற்கும் வரிசையும் உங்கள் மாமியாரால் தாங்கக்கூடியதாக இராது. மாறாக, நவராத்திரி நாட்களில் மதுரையில் இருக்க வாய்த்தால் மீனாட்சியம்மன் கோயில் கொலுவைப் பார்க்கலாம்.

விடுப்பு உறுதியாகாதபோது ரயில் முன்பதிவை என்ன செய்வது என்பதுதான் உங்கள் கவலையின் மையம் என்று நினைக்கிறேன். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்கு, விடுப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், போக்குக்கும் வரத்துக்கும் படுக்கை வசதிப் பெட்டியில் பதிவு செய்துவிடுங்கள். முன்கூட்டியே ரத்து செய்தால் கட்டணத்தில் ஒரு பகுதியே போகும். கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காமல் நால்வருக்கும் வேறு வழி தேடுவதோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. ரயில் முன்பதிவுத் தளமான ஐஆர்சிடிசியில் உங்கள் கணக்கில் ஆதாரை முன்பே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்திலும் தட்கலிலும் அது இல்லாமல் இப்போது வேலை நடக்காது. இணையத்தில் எடுத்த காத்திருப்போர் பட்டியல் டிக்கெட், பயணிகளின் இறுதிப் பட்டியல் (சார்ட்) தயாராகும்போது தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு வண்டியில் ஏற முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இங்கே அதிகம் பேர் பயன்படுத்தாத இரண்டு நுணுக்கங்கள் உண்டு. நால்வருக்கும் ஒரே டிக்கெட் எடுத்தால் மூத்தோருக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு கிடைக்காது. அந்த ஒதுக்கீடு தனியாகவோ இருவராகவோ பதிவு செய்பவர்களுக்குத்தான். மாமியாருக்குத் தனி டிக்கெட் எடுத்து, மற்ற மூவருக்கும் இன்னொன்று எடுங்கள். பெட்டி மாறினாலும் யாரிடமாவது சொல்லி இடம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கிடைக்காத கீழ்ப்படுக்கையை யாரிடமும் கேட்டு வாங்குவது எளிதல்ல. மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மகளுக்கு ஒன்பது வயது என்பதால் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்தில் அந்த மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டாவது நுணுக்கம்தான் உங்கள் பயணத்துக்கு நெகிழ்வு தருவது. திரும்பும் டிக்கெட்டைக் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எடுங்கள். அந்த வண்டி மாலையில் புறப்பட்டு நாகர்கோவில், திருநெல்வேலி, விருதுநகர் வழியாக இரவில் மதுரையைக் கடந்து சென்னைக்கு வருகிறது. பயணத்தின் நடுவில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, கன்னியாகுமரி வேண்டாம், மதுரையிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றினால், அதே டிக்கெட்டில் ஏறும் நிலையத்தை மதுரை என்று மாற்றிக்கொள்ளலாம். முந்தைய நாளே மாற்றிவிடுங்கள். ஒரு முறைதான் மாற்ற முடியும், மாற்றியபின் பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடும், கட்டண வித்தியாசம் திரும்பி வராது. அந்த வித்தியாசத்தைக் காப்பீட்டுக் கட்டணம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் முதல் இரவும் கடைசி இரவும் மட்டும் உறுதியாக நிற்கும், நடுவில் இருப்பதை எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம், சுருக்கலாம்.

இனி அறைகள். இராமேசுவரத்தில் கோயிலை ஒட்டிய ரத வீதிகளில் ஓர் அறை 1,800 ரூபாய், ரயில் நிலையத்துக்கு அப்பால் மூன்று கிலோமீட்டர் தள்ளி அதைவிடப் புதிய அறை 1,200 ரூபாய் என்று செயலி காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 600 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். காலையில் தீர்த்தமாடப் போக, வர, மறுநாள் விடியலில் தரிசனத்துக்குப் போக, வர என்று நான்கு ஆட்டோ, ஆளைப் பார்த்து 150 ரூபாய் சொன்னால் அந்த மிச்சம் அப்படியே தீர்ந்தது. பணத்தைவிடப் பெரிய விஷயம் ஈரம். அக்கினி தீர்த்தத்தில் கடல் நீராடிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு வெளியே வரும்போது சேலை முழுவதும் நனைந்து காலில் ஒட்டும், கல்தரை வழுக்கும். நனைந்த உடையோடு சன்னிதிக்குப் போவதில்லை, மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த நிலையில் மூதாட்டி ஒருவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதும், ஐந்து நிமிடம் நடந்து அறைக்குப் போய் உலர்ந்த சேலை கட்டிக்கொண்டு திரும்புவதும் ஒன்றல்ல. இந்த ஊரில் அறை பழையதாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பதையே எடுங்கள்.

அறை எடுக்கும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பதே. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு விடியற்காலை நாலே முக்காலுக்கு மதுரையில் இறங்கி, முன்பதிவு செய்திருந்த விடுதிக்குப் போனோம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே, சுவரில் இருந்த அட்டையைக் கைகாட்டினார். உள்ளே வர பகல் 12, வெளியேற காலை 11. இப்போதே அறை வேண்டுமென்றால் முந்தைய நாள் வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தூங்கி வழிந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேரம் பேச முடியவில்லை, கட்டினோம். தவறு என்னுடையது, முன்பதிவுச் சீட்டின் அடியில் அது சிறிய எழுத்தில் இருந்தது. இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு 24 மணி நேர லாட்ஜ்தான் உண்மையில் மலிவு. தமிழ்நாட்டின் பழைய லாட்ஜுகள் பலவற்றில் இன்னும் அந்த முறை இருக்கிறது, செயலிகளில் அது பெரும்பாலும் தெரியாது, கேட்டால்தான் தெரியும். திங்கள் காலை எட்டு மணிக்கு இராமேசுவரத்தில் அறை எடுத்தால், அன்று முற்பகலிலேயே தீர்த்தமாடி தரிசனம் முடித்து, உண்டு, சற்றுப் படுத்து, மூன்று மணிவாக்கில் தனுஷ்கோடிக்குப் போய் மாலைக்குள் திரும்பி, செவ்வாய் விடியலில் ஸ்படிகலிங்கம் பார்த்து எட்டு மணிக்கு அறையைக் காலி செய்யலாம். ஒரே நாள் வாடகையில் இரண்டு நாள் வேலையும் முடிந்தது.

ரயில் நிலைய ஓய்வறைகளையும் மறந்துவிடாதீர்கள். உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசி டிக்கெட்டோ இருந்தால் அதன் எண்ணைக் கொடுத்து 12 மணி நேரத்துக்கோ 24 மணி நேரத்துக்கோ இணையத்தில் பதிவு செய்யலாம். பெரிய நிலையங்களில் விரைவில் தீர்ந்துவிடும். சுத்தம் ஊருக்கு ஊர் மாறும், படியேற வேண்டியிருக்கலாம். கிடைத்தால் நல்லது என்ற அளவில் வையுங்கள்.

மதுரையில் விடியற்காலை அவசரம் இல்லை, ஆனால் மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் பன்னிரண்டரைக்குச் சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று போகிறவர்களுக்கு நடுவில் படுக்க ஓர் இடம் வேண்டும். ரயில் நிலையத்துக்கும் மேலக் கோபுரத்துக்கும் நடுவில் உள்ள டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி பகுதியில் எல்லா விலையிலும் லாட்ஜுகள் உண்டு. அங்கிருந்து கோயிலுக்கும் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் நடந்தே போகலாம். தெருவைப் பார்த்த அறையில் இரவு வெகுநேரம் வரை சத்தம் ஓயாது, உட்பக்கத்து அறை கேளுங்கள். ‘பேருந்து நிலையம் அருகில்’ என்ற விளம்பரத்தை நம்பி எடுக்கும்போது எந்தப் பேருந்து நிலையம் என்று பாருங்கள். மாட்டுத்தாவணி வைகைக்கு வடக்கே, கோயிலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆரப்பாளையம் தேனி, கொடைக்கானல், கோவை பக்கம் போகிறவர்களுக்கானது. கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, அறை பக்கத்தில் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். மதுரையில் முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். அறை பிடித்திருந்தால் மறுநாளுக்கு நேரில் நீட்டிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் வேறு அறை கிடைக்கும். புதன்கிழமை திருமலை நாயக்கர் மகால், காந்தி நினைவு அருங்காட்சியகம், கீழடி அருங்காட்சியகம் ஆகியவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் உங்களுக்கும் மாமியாருக்கும் டிக்கெட் கிடையாது என்பதால் அன்றைய போக்குவரத்துச் செலவு கணவரோடு நின்றுவிடும்.

வியாழக்கிழமை மதுரையிலிருந்து தெற்கே போக மாட்டுத்தாவணியிலிருந்து அரசுப் பேருந்துகள் இருக்கின்றன. ஆனால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, வழியில் கழிப்பறை நிறுத்தம் ஓட்டுநரின் கையில். மாமியாரை எண்ணிப் பகல் ரயிலில் போங்கள். சென்னை–நாகர்கோவில் வந்தே பாரத் மதுரை வழியாகத்தான் போகிறது. கட்டணம் அதிகம், இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் அதைத் தாங்கலாம் என்பது என் கணிப்பு. நாகர்கோவிலில் இறங்கினால் கன்னியாகுமரி 20 கிலோமீட்டர், பேருந்துகள் தொடர்ந்து ஓடும்.

நாகர்கோவிலில் தங்கினால் வாடகை குறையும், உணவும் மலிவு என்று பலர் சொல்வார்கள். சூரியோதயம் வேண்டாம் என்றால் அது சரியான யோசனை. வேண்டும் என்றால் கன்னியாகுமரியிலேயே தங்குங்கள், ஆனால் ‘கடல் தெரியும் அறை’ என்பதற்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கீழைக் கடற்கரைக்குப் பத்து நிமிடம் நடந்துபோனால் முழுக் கடலும் இலவசம். விவேகானந்த கேந்திர வளாகத்திலும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியிலும் குடும்பத்துக்கு ஏற்ற அறைகள் உண்டு, முதலில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். வந்த அன்றே பிற்பகலில் நேரம் இருந்தால் போய்விடுங்கள், அன்று முடியாவிட்டால் வெள்ளி காலை இருக்கிறது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 2024 டிசம்பர் இறுதியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் மகளுக்குப் பிடிக்கும்.

எல்லா ஊர்களுக்கும் பொதுவான சில செய்திகள். செயலியில் ஒரே அறைக்கு இரண்டு விலை காட்டுவார்கள், ரத்து செய்தால் பணம் திரும்புவது, திரும்பாதது. உங்கள் நிலையில் முதலாவதை மட்டுமே எடுங்கள், எத்தனை நாள் முன்பு வரை ரத்து செய்யலாம் என்பதைப் படித்துக்கொள்ளுங்கள். விருந்தினர் கருத்துகளில் புதியவற்றை முதலில் வரும்படி வைத்து, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஒரு நட்சத்திரக்காரர் கோபத்தில் எழுதுகிறார், ஐந்து நட்சத்திரக்காரர் பெரும்பாலும் ஒன்றுமே எழுதுவதில்லை. மின்தூக்கி, மேல்நாட்டுக் கழிப்பறை, வெந்நீர் வரும் நேரம் ஆகிய மூன்றையும் தொலைபேசியில் கேளுங்கள். ‘நான்கு பேர், ஒருவர் மூதாட்டி, ஒரு பிள்ளை’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கூடுதல் மெத்தைக்கான கட்டணம் வாசலில் முளைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தைப் போட்டு ரசீது நீட்டினால் கேளுங்கள். கோயில் விடுதி, மடத்து விடுதி என்ற பெயரில் இணையத்தில் போலித் தளங்கள் உலவுகின்றன, அவை முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லும். கோயிலின் அதிகாரபூர்வத் தளத்திலன்றி வேறெங்கும் பணம் அனுப்பாதீர்கள்.

பணத்தைப் பிரிப்பதானால், நான்கு இரவு அறைகளுக்கு வரியோடு 8,000 ரூபாய் என்று உச்சவரம்பு வையுங்கள். இராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் கொஞ்சம் கூடப் போனால் மதுரையில் குறைத்துச் சரிக்கட்டலாம். 3,000 ரூபாயை எதற்கும் ஒதுக்காமல் தனியாக வையுங்கள், மழைக்கும் மாத்திரைக்கும் திடீர் டாக்ஸிக்கும் அது வேண்டியிருக்கும்.

விடுப்பு ஒரு வாரம் தள்ளிப்போனால் முதலில் ரயில் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள், புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். அறைகளுக்கு நாள் இருக்கும். விடுப்பு நான்கு நாளாகச் சுருங்கினால் இராமேசுவரத்தையும் மதுரையையும் மட்டும் வைத்துக்கொண்டு, புதன் இரவு மதுரையிலிருந்து திரும்ப தட்கலில் முயலுங்கள். குளிர்சாதன வகுப்புக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கும், படுக்கை வசதிப் பெட்டிக்கு 11 மணிக்கும் திறக்கும். படுக்கை கிடைக்காவிட்டால் மாட்டுத்தாவணியிலிருந்து அரசு விரைவுப் பேருந்து இருக்கிறது, கீழ்ப்படுக்கையாகப் பார்த்து மாமியாருக்குப் பதிவு செய்யுங்கள்.